இணைச்சீருக்கு வர வேண்டாம்

கரக்பூர்,
24.7.94

அண்ணாவுக்கு, உங்கள் அடங்காத தங்கை எழுதுவது.

உயிரோடு வந்து சேர்ந்துவிட்டேன். முதலில் இதை அம்மாவிடம் சொல்லுங்கள். மெட்ராஸில் வண்டி மாறும்போது போர்ட்டர் என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடிய ஓட்டத்தில், அவரைப் பிடிக்க நானும் ஓடினேன். அம்மா சொன்னபடி சேலை கட்டியிருந்தால் பிளாட்பாரத்திலேயே விழுந்திருப்பேன். ஒரிசாவில் எட்டிப் பார்த்தால் எங்கும் தண்ணீர். நாம் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறோம், இங்கே வயலுக்குள் படகு போகிறது.

மருதமலைக்குப் போய்வருகிறோம் என்று அப்பாவிடம் பொய் சொல்லி, பைக்கில் என்னைக் கொண்டுவந்து ஜங்ஷனில் விட்டீர்களே, திரும்பிப் போய் என்ன சொன்னீர்கள்? அதை நினைத்தால் பாதி சிரிப்பும் பாதி பயமுமாக இருக்கிறது. உங்களுக்கு அடி விழுந்திருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

ஹாஸ்டலில் எல்லாவற்றுக்கும் கடுகெண்ணெய். தயிர் கேட்டால் சர்க்கரை போட்டுத் தருகிறார்கள். என் அறையில் இருக்கும் ஷர்மிஷ்டா, கோயமுத்தூர் மெட்ராஸில் எந்தப் பக்கம் என்று கேட்டாள். படம் வரைந்து, மலையைப் போட்டு, பெரியநாயக்கன்பாளையத்தை அதில் பெரியதாகவே போட்டுக் காட்டினேன்.

எம்.டெக். மெட்டலர்ஜியில் பதினெட்டுப் பேர். நான் ஒருத்திதான் பெண். வார்ப்பு லேபில் முதல் நாளே, உலை பற்றவைக்கும்போது வாசலுக்கு அந்தப் பக்கம் நில் என்று அங்கிருக்கும் ஆள் சொன்னார். எனக்கு வந்ததே கோபம்! நம் அப்பாவின் குரலை இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டியும் கேட்க வேண்டுமா? நேராக உள்ளே போய் அச்சு மணலை ஒரு பிடி அள்ளி அமுக்கிப் பார்த்தேன். ஈரம் அதிகம், ஊற்றினால் உள்ளே ஓட்டை விழும் என்றேன். சிரித்தார்கள். ஊற்றினார்கள். ஆறிய பிறகு அறுத்துப் பார்த்தால் ஒரே ஓட்டை. எங்கே கற்றுக்கொண்டாய் என்று புரொபசர் கேட்டார். எங்கள் வீட்டில் என்றேன். "உலை மூட்டற அன்னிக்குப் பொம்பளப் புள்ளைக்கு இங்க என்ன வேல" என்று விரட்டுகிற அப்பாவுக்குத் தெரியாமல், நம் ஃபவுண்டரி ஸ்டோர் ரூம் ஜன்னல் வழியாகக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லவில்லை.

அப்பாவிடம் சொல்லுங்கள். இரண்டு வருடம். படிப்பை முடிக்காமல் பெட்டியைக் கட்ட மாட்டேன்.

செல்வநாயகி
(எம்.டெக். முதலாண்டு. இதையும் அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.)


பெரியநாயக்கன்பாளையம்,
8.8.94

நாயகி அம்மணிக்கு, பொய் சொல்லி மாட்டிக்கொண்ட அண்ணன் எழுதுவது.

அடி விழவில்லை. விழுந்திருந்தால் தேவலை. "அம்மணி எங்கடா?" என்றார். சொன்னேன். கைகால் கழுவப் போய்விட்டார். மறுநாள் போனுக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது. இப்போது வீட்டில் சாப்பிடுவதில்லை, கேரியர் ஃபவுண்டரிக்குப் போகிறது. என்னிடம் நேராகப் பேசுவதும் இல்லை. நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். "ராசாத்தா, அவன்கிட்டச் சொல்லு, பன்னெண்டு மணிக்கு லோடு வருதுன்னு" என்பார் அம்மாவிடம். அம்மா என் பக்கம் திரும்பி, "காதுல உழுந்துச்சாடா?" என்பாள். இருபத்தெட்டு வயதில் எனக்கு இந்தக் கூத்து.

நீ சொன்னபடி கடிதத்தை வாசித்தேன். கேட்காத மாதிரி கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். மணல் விஷயம் வந்ததும் புரட்டுவது நின்றது. "கையில புடிச்சுப் பாத்தே சொல்லிப்போட்டாளாமா?" என்று அவரையும் மீறிக் கேட்டுவிட்டார். பிறகு கோபம் ஞாபகம் வந்து எழுந்து போய்விட்டார்.

இன்னொரு செய்தி. கிணத்துக்கடவில் ஒரு இடம் வந்தது. பெண் பெயர் கோகிலவாணி, பி.காம். ஐந்து வீட்டில் பட்டறைக்காரன் வேண்டாம் என்று சொன்ன பிறகு எனக்கு எந்த ஆசையும் இல்லாமல்தான் போனேன். காபி கொண்டுவந்தவள் என் முன்கையைப் பார்த்து, "இது என்னுங்க காயம்?" என்றாள். இரும்புக் குழம்பு தெறித்தது என்றேன். "கையுறை போட மாட்டீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். அவள் அப்பா முறைத்தார். எனக்குப் பிடித்துவிட்டது, நாயகி. வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அருள்குமார்


கரக்பூர்,
29.8.94

அட சாமி! என் அண்ணனுக்கு ஒரு பெண்ணைப் பிடித்துவிட்டதாம்!

வகுப்பில் உட்கார்ந்து படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்து, புரொபசரிடம் திட்டு வாங்கினேன். என் வருங்கால அண்ணிக்கு, நங்கையாவுக்கு, இப்போதே கும்பிடு போடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னாலேயே கையுறை போடச் சொன்ன பெண், பிறகு உங்களை ஹெல்மெட் இல்லாமல் வெளியே விடப்போவதில்லை.

தை மாதம் என்றால் நான் லீவு எடுத்துக்கொண்டு வருவேன். ஒன்று சொல்லிவிடுகிறேன், காது கொடுத்துக் கேளுங்கள். இணைச்சீர் நான்தான் செய்வேன். மாப்பிள்ளைக்குப் பக்கத்து மணையில் பட்டு உடுத்தி, கூறைச்சேலையைத் தாங்கி உட்காரும் உரிமை உடன்பிறந்தவளுக்குத்தான். ஓடிப்போனவள், அடங்காதவள், வடக்கே போய்க் கெட்டுப்போனவள், என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். உங்களோடு பிறந்தவள் நான் ஒருத்திதான். சேலை அரக்கு நிறம். அம்மாவுக்குப் பிடித்த கிளிப்பச்சையை எடுத்து வைத்தால் அதை அம்மாவே கட்டிக்கொள்ளட்டும்.

போன வாரம் உலையிலிருந்து நானே ஊற்றினேன். குழம்பு காலடியில் தெறித்தது. ஆனால் ஊற்றினேன்.

நாயகி


பெரியநாயக்கன்பாளையம்,
3.10.94

நாயகிக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாள் கிழித்துவிட்டேன். நேராகச் சொல்கிறேன்.

கிணத்துக்கடவுக்காரர்கள் பெண் கொடுத்துப் பெண் எடுக்க நினைக்கிறார்கள். கோகிலவாணிக்கு ஒரு அண்ணன், பெயர் தம்பிதுரை. தென்னந்தோப்பு, இரண்டு லாரி. குடிப்பழக்கம் இல்லை. அவருக்கு உன்னைக் கேட்கிறார்கள், இல்லையென்றால் கோகிலவாணியும் இல்லையாம். ஒரே பந்தல், ஒரே முகூர்த்தம், இரண்டு ஜோடி. அப்பா அங்கேயே வெற்றிலை பாக்கை மாற்றிக்கொண்டுவிட்டார். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியவில்லை.

"படிச்சது போதும்னு அவளுக்கு எழுது. நான் எழுதுனா கிழிச்சுப்போடுவா, நீ எழுதுனாத்தான் கேப்பா" என்றார். இரண்டு மாதத்துக்கு மேலாகி என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை இது.

கல்யாணத்துக்குப் பிறகும் படிக்கலாம் என்று அவர்கள் சொல்கிறார்கள். அதை நான் நம்பவில்லை, நீயும் நம்ப மாட்டாய். ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு அந்தப் பெண் வேண்டும், நாயகி. இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. எனக்காக ஒருமுறை யோசித்துப் பார்.

அருள்குமார்


கரக்பூர்,
14.10.94

அண்ணா,

யோசித்தேன். மாட்டேன்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அழுதேன் என்று நினைக்காதீர்கள், கோபத்தில் இறங்கவில்லை. தம்பிதுரை நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கு நூறு லாரி இருக்கட்டும். எனக்கு அவர் யார்? அவருக்கு நான் யார்? ஒரு கட்டு வெற்றிலையில் என்னையும் சுற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் அப்பா. அதற்கு நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதுகிறீர்கள்.

அப்பா செய்தது எனக்கு வலிக்கவில்லை. அவரிடம் வேறு எதை எதிர்பார்க்கிறேன்? பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு வந்தவர் எழுதியிருக்கிறாரே, அதுதான் வலிக்கிறது. இதுவரை எதுவும் கேட்டதில்லை என்கிறீர்கள். கேளுங்கள், அண்ணா. என் நகையைக் கேளுங்கள், கழற்றி அனுப்புகிறேன். சாகும்வரை உங்கள் பிள்ளைகளைத் தூக்கி வளர்க்கச் சொல்லுங்கள், வளர்க்கிறேன். இந்த இரண்டு வருடத்தைக் கேட்காதீர்கள். இதை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. பரீட்சை எழுதி நானே எடுத்துக்கொண்டது.

இன்னொன்று. நான் வராவிட்டால் கல்யாணம் நின்றுவிடும் என்கிறார்களே, அந்தப் பெண்ணிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா? அவளையும் என்னைப் போலத்தானே எடை போட்டிருக்கிறார்கள். கையுறை போட மாட்டீர்களா என்று கேட்டவளுக்கு இதற்கும் ஒரு பதில் இருக்கும். போய்க் கேளுங்கள். தைரியம் இல்லையென்றால் அதையும் எனக்கு எழுதுங்கள்.

இணைச்சீருக்கு வருவேன். கூப்பிட்டாலும் வருவேன், கூப்பிடாவிட்டாலும் வருவேன். கழுத்தை நீட்ட மட்டும் வரமாட்டேன்.

செல்வநாயகி


பெரியநாயக்கன்பாளையம்,
12.12.94

நாயகி அம்மணிக்கு,

இரண்டு மாதமாக நான் எழுதாததற்குத் திட்டிக்கொள். உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். வெட்கமாக இருந்தது.

நல்ல செய்தி. நேற்று அப்பா, "அவளுக்குப் புடிக்கலைன்னா உட்டுப்போடு. கிணத்துக்கடவுல நான் பேசிக்கறேன். இணைச்சீருக்கு மட்டும் வரச்சொல்லு" என்றார். நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா உடனே அடுப்படிக்குப் போய்விட்டாள், கண்ணைத் துடைக்கத்தான்.

பிப்ரவரி ஐந்தாம் தேதி, ஞாயிறு, கிணத்துக்கடவு மண்டபத்தில் முகூர்த்தம். முந்தின நாள் சாயங்காலப் பொழுதோடு நம் வீட்டுப் பந்தலில் இணைச்சீர். அரக்குச் சேலை எடுத்தாகிவிட்டது. வா.

அருள்குமார்


கரக்பூர்,
23.12.94

அண்ணா,

ஒன்றாம் தேதி வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். மூன்றாம் தேதி கோவையில் இருப்பேன். நம் அப்பாவா! நான் அவரைத் தப்பாக நினைத்துவிட்டேன் போல. வந்ததும் முதல் வேலையாக அவர் காலில் விழுந்துவிட்டு, இரண்டாவது வேலையாக அவரோடு சண்டை போடுகிறேன். ஷர்மிஷ்டா இணைச்சீர் என்றால் என்ன என்று கேட்டாள். அண்ணனுக்குப் பெண்டாட்டி வந்தாலும் தங்கைக்கு அந்த வீட்டில் இடம் உண்டு என்று ஊர் முன்னால் உட்கார்ந்து சொல்வது என்றேன். உங்கள் ஊர் நல்ல ஊர் என்றாள்.

நாயகி


தந்தி
30.1.95

வர வேண்டாம். இணைச்சீருக்குப் பெரியப்பா மகள் பிரவீனா உட்காருகிறாள். டிக்கெட்டை ரத்து செய். அருள்குமார்.


கரக்பூர்,
1.2.95

திரு. அருள்குமார் அவர்களுக்கு,

உங்கள் தந்தி கிடைத்தது. நான் போக வேண்டிய வண்டி இன்று சாயங்காலம் போய்விட்டது. நான் ஏறவில்லை.

நேற்று முழுவதும் பெட்டியைக் கட்டினேன், பிரித்தேன், கட்டினேன். வாசலில் வந்து நின்று நாலு பேர் முன்னால் கேட்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கூப்பிடாவிட்டாலும் வருவேன் என்று எழுதியவள்தானே. ஆனால் "வர வேண்டாம்" என்று அப்பா சொல்லியிருந்தால் வந்திருப்பேன். நீங்கள் சொன்ன பிறகு எந்த முகத்தோடு உங்கள் பக்கத்தில் வந்து உட்காருவது?

பிரவீனா நல்ல பெண். அரக்கு அவளுக்குப் பொருத்தமாக இருக்கும். அந்த மணையில் வேறு ஒருத்தியை உட்கார வைக்க உங்களுக்கு எத்தனை வார்த்தை தேவைப்பட்டது, பத்தா, பன்னிரண்டா? காரணம் சொல்லக்கூட நான் தகுதி இல்லாமல் போய்விட்டேன். கிணத்துக்கடவுக்காரர்களுக்கு அடங்காத நாத்தனார் கண்ணில் படக்கூடாதோ?

எனக்கு இனி எழுத வேண்டாம். நான் இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன். இதைவிட நன்றாக இருப்பேன். உங்கள் யார் தயவும் இல்லாமல் படித்து முடிப்பேன். கோகிலவாணியிடம் மட்டும் சொல்லுங்கள், அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

செல்வநாயகி


துடியலூர்,
13.2.95

நாயகி,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றால் படித்துவிட்டுக் கிழி.

ஜனவரி இருபத்தொன்பதாம் தேதி கிணத்துக்கடவில் ஒரு தோப்புக்கு பம்ப் இறக்கப் போயிருந்தேன். பக்கத்து டீக்கடையில் கோகிலவாணி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை கிடந்தது. நம் வீட்டில் அடித்த பத்திரிகையில் ஒரு ஜோடி. அவர்கள் அடித்ததில் இரண்டு ஜோடி. இரண்டாவது வரியில் தம்பிதுரை பெயரும் உன் பெயரும். வாங்கி வைத்த டீயைக் குடிக்கவே இல்லை.

நேராக ஃபவுண்டரிக்கு வந்து அப்பா முன்னால் பத்திரிகையைப் போட்டேன். மறுக்கவில்லை. "இணைச்சீருக்கு வந்து பட்டுக் கட்டி உக்காருவா. அடுத்த நா காத்தால அதே பட்டோட மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவோம். ஆயிரம் பேரு முன்னால அப்பன் மானத்தெ வாங்குவாளா? கழுத்தெ நீட்டிப்போடுவா" என்றார். நல்லவர் மாதிரி என்னை எழுதச் சொன்னது இதற்குத்தான். உன்னைக் கொண்டுவந்து சேர்க்க என் கையெழுத்தை வாங்கியிருக்கிறார். நானும் முட்டாள் மாதிரி அரக்குச் சேலை எடுத்தாகிவிட்டது, வா என்று எழுதினேன்.

மறுநாள் காலையில் தபாலாபீஸ் திறந்ததும் தந்தி அடித்தேன். உண்மையைத் தந்தியில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொல்லியிருந்தால் நீ வந்திருப்பாய். அடுத்த வண்டியிலேயே சண்டைக்கு ஏறி வந்திருப்பாய். பந்தலில் நூறு பேர் பிடித்துக்கொண்டால் நீ என்ன செய்வாய், நான் ஒருத்தன் என்ன செய்வேன்? உன்னை நிறுத்தி வைக்க உன் ரோஷத்தால் மட்டும்தான் முடியும் என்று எனக்குத் தெரியும். அதனால் உனக்கு எங்கே வலிக்குமோ அங்கேயே பார்த்து எழுதினேன். பிரவீனா பெயரை எழுதும்போது கை வரவில்லை. அன்றைக்கு அவளிடம் யாரும் ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை உன்னை அழைக்க அப்பா ஸ்டேஷனுக்குக் காரோடு போனார். வெறும் காரோடு திரும்பினார். சனிக்கிழமை பொழுதோடு பந்தலில் கூட்டம். சீரை நடத்துகிற அருமைக்காரர் இரண்டு மணை போட்டார். அப்பா உண்மையாகவே பிரவீனாவுக்குப் பட்டுக் கட்டி அனுப்பிவிட்டார். நான் எழுந்து நின்றேன். "பிரவீனா, உக்காராதே கண்ணு. உம்மேல எனக்கு வருத்தம் இல்ல. அது நாயகி எடம்" என்றேன். அந்தப் பிள்ளை பாவம், "எனக்கும் அதாண்ணா தோணுச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

"அவதான் வரலையேடா!" என்று அப்பா கத்தினார்.

"நாந்தானுங்க வர வேண்டாம்னு தந்தி அடிச்சேன்."

அருமைக்காரர் என் காதருகே குனிந்து, "இணைச்சீரில்லாம முகூர்த்தத்துக்குப் போறதாங்க, தம்பி?" என்றார். போலாமுங்க என்றேன். அம்மா சமையல் பந்தலிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள்.

அடுத்த நாள் காலை மண்டபத்தில் கோகிலவாணியின் அப்பா, "எங்க ஊட்டுக்கு வரவேண்டிய பொண்ணு எங்கீங்க?" என்று பத்திரிகையை ஆட்டிக்கொண்டு நின்றார். முகூர்த்தம் நெருங்குகிறது. எனக்கு எல்லாம் முடிந்தது என்றுதான் தோன்றியது. நீ கேட்கச் சொன்னாயே, நான் அதுவரை கேட்கவே இல்லை, அந்தத் தைரியம் எனக்கு வரவில்லை. கேட்காமலேயே அவள் பாதிச் சடையோடு அறையிலிருந்து வெளியே வந்தாள். "ஏனுங்கப்பா, எனக்குத் தாலி கட்டப்போறது இவருங்களா, இவரு தங்கச்சியாங்க?" என்றாள். தம்பிதுரை, "எனக்குப் பசிக்குதுங்க, பேசி முடிச்சுட்டுக் கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டுப் பந்தியில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிட்டார். மாலையும் கழுத்துமாக இட்லி சாப்பிட்ட மாப்பிள்ளையை நான் இப்போதுதான் பார்த்தேன். மோசமான ஆள் இல்லை, நாயகி.

கோகிலவாணியின் அப்பா பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். தாலி கட்டினேன்.

அப்பா ஃபவுண்டரி சாவியை வாங்கிக்கொண்டார். நானும் கோகிலவாணியும் துடியலூரில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறோம். ஒரு மோட்டார் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. கஷ்டம்தான். உனக்காகச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். அக்டோபரில் உனக்கு எழுதினேனே ஒரு கடிதம், அதை எழுதியவனை எனக்கே பிடிக்கவில்லை, அதனால் செய்தேன்.

உன் கோபத்தில் பாதி நியாயம். அதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள். அந்த மணையை எடுக்க நான் விடவில்லை. சனிக்கிழமை பந்தலில் விளக்கு வைத்து, வந்தவர்கள் எல்லோரும் அரிசி போட்டு வாழ்த்தி முடிக்கும்வரை என் பக்கத்தில் அது அப்படியே கிடந்தது.

இங்கே டீக்கடையில் தினமும் யாராவது ஒருவர் கேட்கிறார்கள், "உங்களுக்குச் சீரே ஆகலையாமே, நெசந்தானுங்களா?" என்று. "ஆமாங்க, ஆகலைங்க. எனக்குத் தங்கச்சி ஒருத்திதானுங்க. அவ படிச்சுட்டிருக்காளுங்க" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்கிறேன்.

உன் அண்ணன்,
அருள்குமார்